தந்தையும் தாயும்: அத்தியாயம் பதினாறு

லிஃப்ட் பழுதுபார்க்கிறவர் ஊரையே ஏற்றி இறக்குவார். தன் கோபத்திலிருந்து மட்டும் அவருக்கு இறங்கத் தெரியாது. எழுத்துக்காரி தன் கணவரைப் பற்றி எப்போதும் சொல்வது இதுதான். சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. எழுத்துக்காரி என்பது அலுவலகம் வைத்த பெயர். சட்ட மசோதாக்களை வரைந்து கொடுப்பது அவள் வேலை. ஓர் எழுத்துக்காக நாள் பூராவும் மல்லுக்கு நிற்பாள். பதவி உயர்வோடு தலைநகருக்கு மாற்றல் வந்தபோது, "போறதுன்னா நீ போ, பிள்ளை இங்கேதான் இருப்பா" என்றார் கணவர். ரோஷம் வந்தால் அவளுக்கும் கண் தெரியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஒரு மாதத்தில் மகளை அழைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள்.

பள்ளிக்கூடம் மாற்றுச் சான்றிதழுக்கு அப்பாவின் கையெழுத்தைக் கேட்டது. சட்டம் அப்படி. குழந்தைக்குக் காப்பாளர் தந்தை. அவருக்குப் பின் தாய். அவர் நூறு வயது நன்றாக இருக்கட்டும், அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் இருக்கிறவரைக்கும் இவள் வரிசையில் நிற்க வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை யார் என்று கேட்டால், கணவரின் அக்கா. எழுத்துக்காரிக்கு நாத்தனார்.

அந்த 'அவருக்குப் பின்' இன்றைக்குப் போகப்போகிறது. பெண்கள் சமத்துவச் சட்ட ஆலோசனைக் குழுவின் கடைசி வாசிப்பு இன்று.

"அக்கா, அந்தக் கட்டில்மேல ஃபிரேம் பெட்டி ரெண்டு வெச்சுக்கட்டுமா? கடைல இடமே இல்ல."

"வைக்காதே."

"யாரும் படுக்கலையே?"

"படுக்கப்போறா."

தலைநகரில் அவள் தங்கியிருப்பது தம்பி வீட்டில். அவனுக்குக் கண்ணாடிக் கடை. ஊரார் கண்ணையெல்லாம் விளக்கடித்துப் பார்க்கிறவன், அக்காவின் கண்ணை மட்டும் நேராகப் பார்க்க மாட்டான். மகளுக்கென்று ஒதுக்கிய அந்த அறையில் வாரம் தவறாமல் அவள் விரிப்பு மாற்றுகிறாள். யாரும் படுக்காத விரிப்பைத் துவைத்து, காயவைத்து, ஓரம் பிசகாமல் மடித்து மறுபடி விரிக்கிறாள். அவன் ஒரு தடவை கேலி செய்யப்போய், அன்று பூராவும் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. அதிலிருந்து வாயைக் கட்டிப்போட்டிருக்கிறான்.

"உன் சட்டம் இன்னிக்காவது எழுந்து நடக்குமா, இல்ல இன்னும் தவழ்ந்துக்கிட்டுதான் இருக்குமா?" என்றான், டீயை ஆற்றியபடி.

"எழுந்து நிக்கும். நடக்கறது அரசாங்கத்தோட பாடு."

"நல்லா இருக்கு. நிக்க வைக்கவே இத்தனை வருஷம்!"

போன் அடித்தது. மகள்தான். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். பள்ளிப் பேருந்து வருவதற்குள் பேசிவிட வேண்டும் என்று மூச்சு விடாமல் பேசுவாள்.

"அம்மா, இன்னிக்குத்தானே?"

"இன்னிக்குத்தான்."

"பாஸாயிட்டா நீயே வந்து கையெழுத்துப் போட்டு என்னைக் கூட்டிட்டுப் போயிடலாம்ல? பதினொண்ணாவது அங்கேயே சேர்ந்துடுவேன். அத்தைகிட்ட இன்னும் சொல்லல. அழுவாங்க."

இது ஆலோசனைக் குழு, ஆலோசனைதான் சொல்லும், அது சட்டமாக இன்னும் பல படி ஏற வேண்டும் என்று எழுத்துக்காரி விளக்கியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. 'கூட்டிட்டுப் போயிடலாம்ல' என்ற அந்தக் குரல் அதை அப்படியே கரைத்துவிட்டது.

"பாக்கலாம் வாலு."

"நீ பாக்கலாம்னா நடக்காதுன்னு அர்த்தம். வர்றேன்னு சொல்லு."

"வர்றேன்."

சொல்லிவிட்டாள். பேருந்து ஹாரன் கேட்டது, போன் அடங்கியது. பெற்ற பிள்ளையிடம் நடக்குமா நடக்காதா என்று தெரியாத ஒன்றைச் சொல்லிவிட்டோமே என்று வழி நெடுக நினைத்துக்கொண்டே போனாள்.

குழு கூடும் அறையில் நீள மேசை. தட்டினால்தான் பேசும் ஒலிவாங்கிகள். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி அம்மாள், எல்லாருக்கும் நீதியம்மா. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினால் யாரையோ திட்டப்போகிறார் என்று பொருள். அவருக்கு வலப்பக்கம் முன்னாள் பதிவாளர். காலமெல்லாம் பத்திரம் பதிந்தே பழகியவர், எதையும் இரண்டு சாட்சியோடுதான் நம்புவார். எதிரே தையல் ஆலைத் தொழிலாளர் சங்கத் தலைவியும் இன்னும் மூன்று உறுப்பினர்களும். ஓரமாக நாத்தனார். நாத்தனார் குழுவுக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, தலைமையாசிரியர்கள் சங்கத்தின் சார்பில். அறைக்குள் இருவரும் ஒருவரையொருவர் 'மேடம்' என்றுதான் கூப்பிட வேண்டும். கூப்பிடும்போது இருவருக்கும் சிரிப்பு வந்துவிடும்.

கடைசி வாசிப்புக்கு என்று அங்கே ஒரு முறை உண்டு. வரைந்தவர் எழுந்து நின்று ஒவ்வொரு பிரிவாக உரக்கப் படிக்க வேண்டும். படிக்கும்போது யாரும் கையைத் தூக்காவிட்டால் அந்தப் பிரிவு தீர்ந்தது. அப்புறம் யாரும் அதைத் தொட முடியாது.

சம்பளப் பிரிவு தீர்ந்தது. சொத்துப் பிரிவு தீர்ந்தது. பகல் உணவுக்கு முன்பே காப்பாளர் பிரிவு வந்துவிட்டது. எழுத்துக்காரி தாளை நிமிர்த்திப் பிடித்துப் படித்தாள்.

"குழந்தையின் கல்வி, இருப்பிடம், மருத்துவம் ஆகியவற்றுக்குக் காப்பாளர்களாகத் தந்தையும் தாயும் ஒப்புதல் அளிப்பர்."

'பின்' போய்விட்டது. எங்கே போனது என்றே தெரியாமல் போய்விட்டது. அவளுக்குக் கண் நிறைந்தது. நீதியம்மா அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனார்.

"ஒரு நிமிஷம்" என்று பேனாவைத் தூக்கினாள் நாத்தனார். "இது நாளைக்கு என் மேசைக்கு வந்தா நான் எத்தனை கையெழுத்து கேக்கணும்? ஒண்ணா, ரெண்டா?"

"எதுக்குக் கேக்கறீங்க மேடம்?" என்றாள் எழுத்துக்காரி.

"தந்தையும் தாயும்னு இருக்கே. ரெண்டு பேரும் போட்டாதானே நான் பிள்ளையை விட முடியும்? ஒருத்தர் போட மாட்டேன்னு கால்மேல கால் போட்டு உக்காந்துட்டா என்ன பண்றது?"

எழுத்துக்காரி கையிலிருந்த தாளைப் பார்த்தாள். எத்தனை முறை படித்த வரி! முன்பு தாய் தந்தைக்குப் பின்னால் நின்றாள். இப்போது பக்கத்தில் நிற்கிறாள். ஆனால் சாவி பழையபடி அவர் இடுப்பிலேயே தொங்குகிறது. ஓர் 'உம்' வேலையைக் கெடுத்திருக்கிறது. அதைத் தன் கையால் எழுதியவள் அவளேதான்.

"இதுல என்ன தப்பு?" என்றார் பதிவாளர். "ரெண்டு பேரும் சேர்ந்து போடறதுதானே சமத்துவம்? 'உம்' அழகா இருக்கு. தந்தையோ தாயோன்னு போட்டா குடும்பத்தை நாமளே ரெண்டாக்கற மாதிரி இருக்கு."

"குடும்பம் எப்பவோ ரெண்டாயிடுச்சுங்க, பிள்ளைதான் நடுவுல நிக்குது" என்றாள் சங்கத் தலைவி. "எங்க ஆலைல பாதிப் பேருக்குப் புருஷன் எந்த ஊர்ல இருக்கான்னே தெரியாது. ரெண்டாவது கையெழுத்துக்கு அவங்க எங்கே போவாங்க?"

நீதியம்மாவின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. "குழு முன்னாடி முடிவு பண்ணது எது?"

"ஒருத்தர் ஒப்புதல் போதும்னு" என்றாள் எழுத்துக்காரி.

"அப்ப இந்த 'உம்' எங்கேருந்து வந்துச்சு?"

"என் தப்பு."

"நீ தப்பு பண்ற ஆளே இல்லையே!" நீதியம்மாவுக்கு அதுதான் ஆச்சரியம். "எழுத்துப் பிழைன்னா நானே திருத்திட்டுப் போயிடுவேன். இது அர்த்தமே மாறுது. கை தூக்கித்தான் ஆகணும்."

'உம்' இருக்கட்டும் என்று மூன்று கை. 'ஓ' போடுங்கள் என்று நீதியம்மாவோடு சேர்த்து மூன்று கை. நாத்தனார் இரண்டு பக்கமும் தூக்கவில்லை. மேசையிலிருந்த தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகித் திறந்தாள், மூடினாள்.

"டீ குடிச்சிட்டு வந்து யோசிக்கலாம்" என்றார் நீதியம்மா.

தாழ்வாரத்தின் கோடியில் ஒரு ஜன்னல். கீழே வாகனங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. இருவரும் காகிதக் கோப்பைகளோடு அங்கே போய் நின்றார்கள்.

"வாய் சும்மா இருக்காம கேட்டுட்டேன்" என்றாள் நாத்தனார். "இருபது வருஷமா கையெழுத்து சரிபார்த்துப் பார்த்து, 'உம்'மைக் கண்டாலே கை தானா தூக்குது."

"நல்லவேளை கேட்டீங்க அண்ணி."

"கேட்டப்புறம்தான் உறைச்சுது. 'ஓ' வந்துச்சுன்னா உன் ஒரு கையெழுத்துல அவ கிளம்பிடுவா." டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "உனக்குத் தெரியாது. காலைல அவ கீழ் வீட்டுலேருந்து மாடிப்படி ஏறி என்கிட்ட வந்து, 'அத்தே, முடி பின்னி விடுங்க'ன்னு தலையைக் குடுப்பா. அதுக்கப்புறம்தான் எனக்குப் பொழுது விடியும்."

"இன்னும் பின்னலா? வெட்டிக்கிட்டேன்னாளே?"

"முன்னால மட்டும். அவளே கண்ணாடி முன்னால நின்னு கத்தரிச்சுக்கிட்டா. ஒரு பக்கம் ஏறியிருக்கு, ஒரு பக்கம் இறங்கியிருக்கு. இப்ப அதுதான் அழகுன்னு சொல்றா."

எழுத்துக்காரி சிரித்தாள். இப்படித்தான் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவள் காத்திருப்பாள். மகள் முட்டையில் மஞ்சள் கருவை ஒதுக்குகிறாள், ஒரு காலைக் கட்டிலுக்கு வெளியே போட்டுத் தூங்குகிறாள், கதவு நிலையில் உரசும்படி வளர்ந்துவிட்டாள். ஒன்றொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், அதை வைத்து அடுத்த கூட்டம்வரை ஓட்டுவாள். கேட்க வேண்டிய இன்னொரு ஆளைப் பற்றி வாய்விட்டுக் கேட்க மாட்டாள்.

"அவனுக்கு முதுகுவலி இப்பப் பரவாயில்ல" என்றாள் நாத்தனார், கேட்காமலே.

"நான் கேக்கலையே?"

"நீ கேக்கத்தான் செய்ற. ஒரு கேள்வி கேக்கறேன், மறைக்காம சொல்லு. இந்த வரியை எழுதறப்ப நீ என்ன நினைச்சே?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "ஒரு மேசை. அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவுல வாலு. அவர் கையெழுத்துப் போட்டுட்டுப் பேனாவை என்கிட்ட குடுக்கறார். அப்படித்தான் தோணிச்சு அண்ணி. 'ஓ'ன்னு எழுதப்போனா கை வரல. யாரையோ எழுந்து போகச் சொல்ற மாதிரி இருந்துச்சு."

"அட பைத்தியமே" என்றாள் நாத்தனார். திட்டுகிற குரலில் சொல்லத் தொடங்கியது, முடியும்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. "நீ இன்னும் எங்க வீட்டு வாசல்லதான் நிக்கிறே."

"ஆமா."

"ஊருல இருக்கிற அம்மாவுக்கெல்லாம் சேர்த்து எழுதறே. உன் ஆசையை அவங்க தலைல கட்டலாமா?"

எழுத்துக்காரிக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. அண்ணி சொன்னதில் ஒரு சொல்கூட அதிகம் இல்லை என்றும் தெரிந்தது. ஒவ்வொரு பள்ளிக்கூட மேசைக்கு முன்னாலும் இரண்டாவது கையெழுத்து இல்லாமல் எத்தனை பேர் நிற்பார்கள் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

உள்ளே போனார்கள். நீதியம்மா மறுபடி கேட்டார். நாத்தனார் எழுந்து நின்றாள். அங்கே யாரும் எழுந்து நின்று கை தூக்குவதில்லை.

"ஓ போடுங்க. தந்தையோ தாயோ" என்றாள். "நான் தலைமையாசிரியையா சொல்றேன்." அத்தையாகச் சொல்ல முடியவில்லை என்பதை அவள் சொல்லவில்லை. உட்காரும்போது நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள்.

"தீர்ந்தது" என்றார் நீதியம்மா. "நாம சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டோம். எடுத்துக்கறதும் கிடப்புல போடறதும் அவங்க கைல."

சாயங்காலம் எழுத்துக்காரி தன் அறையில் அந்த வரியைத் திருத்தி அடித்தாள். ரயிலுக்கு நேரம் இருந்ததால் நாத்தனார் எதிர் நாற்காலியில் இருந்தாள். பள்ளி விட்டதும் வாலுவிடமிருந்து போன் வந்துவிட்டது.

"பாஸா அம்மா?"

"பாஸ்."

அந்தப் பக்கம் ஒரு கூச்சல். அதை அடங்கவிட்டு எழுத்துக்காரி உள்ளதைச் சொன்னாள். குழு பரிந்துரைதான் செய்யும். அமைச்சர் பார்க்க வேண்டும், சட்டமன்றம் போக வேண்டும். அடுத்த வருஷம் ஆகலாம், அதற்கு அடுத்ததும் ஆகலாம்.

"அதுக்குள்ள நான் பெரியவளாயிடுவேன். எனக்கு யார் கையெழுத்தும் வேண்டியிருக்காது."

"தெரியும்டா. காலைல நான் உன்கிட்ட அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

அழப்போகிறாள் என்று இவள் பயந்தாள். வாலு அழவில்லை. "அப்பாகிட்ட நீயே கேளேம்மா" என்றாள். "நான் கேட்டதே இல்ல. கேட்டா அப்பா மனசு உடைஞ்சிடும், கேக்காதேன்னு அத்தை சொன்னாங்க. ஆனா நீ கேக்கலாம்ல?"

எழுத்துக்காரி போனை வைத்தாள். மூன்று வருஷமாக அவளுக்கும் அவருக்கும் நடுவில் அண்ணிதான் தபால். ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதே இல்லை. ரோஷம் என்று பெயர் சொல்லிக்கொண்டாலும், அவர் குரலைக் கேட்டால் தான் உடைந்துபோவோம் என்ற பயம்தான் அவளுக்கு.

"அண்ணி, நான் அவர்கிட்ட பேசப்போறேன்."

"இப்பவா?" நாத்தனார் நிமிர்ந்தாள். "வேலைல இருப்பான். நான்தான் இன்னிக்குப் போறேனே, பக்குவமா சொல்றேன்."

"வேண்டாம். நானே கேக்கறேன்."

"சொன்னாக் கேளு…"

அவருடைய எண்ணை விரல் இன்னும் மறக்கவில்லை. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லு" என்றார்.

லிஃப்ட் கூண்டுக்குள் நின்று பேசுகிறார் போலும், குரல் முழங்கியது. அந்த ஒரு 'சொல்லு'வில் அவளுக்கு வீட்டின் எல்லா அறைகளும் ஞாபகம் வந்தன. யோசித்து வைத்த பேச்செல்லாம் பறந்துவிட்டது.

"வாலு பதினொண்ணாவது இங்கே சேரணும்னு ஆசைப்படறா. நீங்க ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்தா…"

"இப்ப முடியுமா உன்னால?"

"என்னது?"

"போன வருஷம் முடியாதுன்னியே. வேலை கழுத்தை நெரிக்குது, பிள்ளையைப் பாத்துக்க முடியாதுன்னு."

"நான் சொன்னேனா?"

"நான்தான் அக்கா கூட்டத்துக்கு வர்றப்ப சொல்லி அனுப்பினேனே. என் கோபத்துக்குப் பிள்ளை என்ன பண்ணும், அனுப்பிடறேன், கூட்டிக்கச் சொல்லுன்னு. திரும்பி வந்து, நீ இப்ப வேண்டாம்னுட்டேன்னு அக்கா சொன்னா." நிறுத்தினார். "பாப்பாகிட்ட நான் சொல்லல. அம்மா வேண்டாம்னுட்டான்னு எப்படிச் சொல்றது?"

எழுத்துக்காரி தலையைத் தூக்கினாள். நாத்தனார் பையை எடுத்துத் தோளில் மாட்டியிருந்தாள். காலையில் எழுந்து நின்று கை தூக்கியவள், இப்போது எழுந்திருக்கவில்லை.

"எனக்கு யாரும் சொல்லல" என்றாள் எழுத்துக்காரி போனில். "நான் ஒரு நாளும் வேண்டாம்னு சொல்லல."

அந்தப் பக்கம் இரும்புக் கயிறு எங்கோ கிறீச்சிட்டது. "அப்ப இத்தனை நாளும் நீ…"

"காத்துக்கிட்டேதான் இருந்தேன்."

அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு வருஷம்! ஒரு வருஷம் வெறும் கட்டிலுக்கு விரிப்பு மாற்றியிருக்கிறாள்! அம்மாவிடம் ஒரு வார்த்தை கேள் என்று யாரிடமும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை, அதனால் யாரும் கேட்கவில்லை. எதிரே இருந்தவளைச் சுட்டுவிடுகிற மாதிரி பார்க்க நினைத்தாள். முடியவில்லை. வாலு இல்லாத வீட்டில் விடிகிற காலை எப்படி இருக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். அதைத் தாங்க முடியாது என்று பயந்த இன்னொருத்தி எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா அங்கேதான் இருக்காளா?" அவர் குரல் ஏறியது. "போனை அவகிட்ட குடு."

அது நாத்தனாருக்கே கேட்டுவிட்டது. மெல்லக் கையை நீட்டினாள். தன் தம்பிக்குப் பதில் சொல்லிவிட்டால் போதும், எல்லாம் அவனோடு முடிந்துவிடும் என்பது போல் நீட்டினாள்.

எழுத்துக்காரி போனைக் கொடுக்கவில்லை. உள்ளங்கையால் அதன் வாயை மூடிக்கொண்டாள்.

"அவருக்கு அப்புறம் சொல்லலாம் அண்ணி" என்றாள். "முதல்ல எனக்குச் சொல்லுங்க."